கல்லறைக் கல்வெட்டு கூறுவனவும் கூறாதனவும்: கயேட்டாவிலுள்ள உரோமானியப் படைத்தலைவர் முனாட்டியஸ் பிளாங்கஸின் நினைவுச்சின்னம்

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலியின் கயேட்டா நகரையொட்டிய குன்றின் உச்சியில் உரோமானியப் படைத்தலைவர் லூசியஸ் முனாட்டியஸ் பிளாங்கஸின் வட்டவடிவக் கல்லறை நிற்கிறது. அதன் வாயில்மேலுள்ள இலத்தீன் கல்வெட்டு அவருடைய பதவிகளையும் செயல்களையும் சுருங்கக் கூறுகிறது. பண்டை வரலாற்று நூல்களோ அவரைக் கட்சி மாறியவராகவும் முகத்துதி செய்பவராகவும் காட்டுகின்றன. இவ்விரு சான்றுகளையும் உரோம் நகரில் பொறிக்கப்பட்ட அரசு வெற்றிப் பட்டியலையும் ஒப்பிட்டு, கல்வெட்டின் தேர்வுகளையும் மௌனங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. கல்வெட்டின் எல்லா மௌனங்களும் ஒரே தன்மையன அல்ல என்பதும், அவற்றை வகைப்படுத்திய பின்னரே அவை வரலாற்றுச் சான்றாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உரோமானியக் கல்வெட்டியல், கல்லறை நினைவுச்சின்னம், பிளாங்கஸ், கயேட்டா, வெற்றி ஊர்வலம், அகஸ்டஸ் காலம், சான்று மதிப்பீடு.

முன்னுரை

இறந்தவரின் புகழை நிலைநிறுத்த எழுப்பப்படும் நினைவுச்சின்னம், வரலாற்று ஆய்வாளருக்கு முதன்மைச் சான்றாகவும் சிக்கலான சான்றாகவும் அமைகிறது. காலத்தால் நெருங்கியது, படியெடுப்போரின் கைபடாதது, அழிவுக்கு எளிதில் உட்படாதது ஆகிய இயல்புகளால் கல்வெட்டு நம்பகமானதெனக் கருதப்படுகிறது. ஆயினும் அதனை எழுதுவித்தவர் தம்மைப் பற்றியோ தம் குடும்பத்தைப் பற்றியோ எழுதுவிக்கிறார் என்பதால், அது நடுநிலையான ஆவணம் அன்று. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரக் கைக்கொண்டு கல்வெட்டை வாசிப்பது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பிளாங்கஸின் கல்லறை மிகவும் பொருத்தமானது. காரணங்கள் மூன்று. முதலாவது, கட்டடமும் கல்வெட்டும் நன்னிலையில் கிடைத்துள்ளன. இரண்டாவது, அவரைப் பற்றிச் சிசரோ, வெல்லெயஸ் பாட்டர்குலஸ், மூத்த பிளினி, புளூட்டார்க், சூட்டோனியஸ், கேசியஸ் டியோ எனப் பலரும் எழுதியுள்ளனர். மூன்றாவது, கல்வெட்டு கூறும் ஒரு செய்தியைச் சரிபார்ப்பதற்கு அதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டுச் சான்று உள்ளது. இவை மூன்றும் ஒருங்கே அமைந்த உரோமானியக் கல்லறைகள் மிகச் சிலவே.

கட்டடமும் அமைவிடமும்

கயேட்டா, உரோம் நகருக்கும் நேப்பிள்ஸுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் உள்ளது. கடலுக்குள் நீண்டு நிற்கும் அதன் முனையில் ஏறத்தாழ 170 மீட்டர் உயரமுடைய மான்டே ஒர்லாண்டோ என்னும் குன்று எழுகிறது. குன்றின் உச்சியில் கல்லறை அமைந்துள்ளது. சுண்ணாம்புக்கற்பாளங்களால் முகப்பிடப்பட்ட உருளை வடிவக் கட்டடம் அது. விட்டம் ஏறத்தாழ 29.5 மீட்டர், உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். விட்டத்தின் அளவு உரோமானிய அளவுமுறையில் 100 அடிக்கு ஒப்பானது. உள்ளே வட்டமான நடைவழியும் அதிலிருந்து திறக்கும் நான்கு அறைகளும் உள்ளன. சுவரின் மேற்பகுதியைச் சுற்றி டோரிக் பாணியிலான சிற்பப்பட்டை ஓடுகிறது. அதன் கட்டங்களில் போர்க்கருவிகள் முதலிய படைசார் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதவரும் இது ஒரு படைத்தலைவரின் கல்லறை என்பதைச் சிற்பப்பட்டையைக் கண்டே அறிந்துகொள்வர்.

வட்டவடிவப் பெருங்கல்லறை கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமானிய உயர்குடியினரிடையே பரவிய வடிவமாகும். ஆக்டேவியன் தமக்காகவும் தம் குடும்பத்துக்காகவும் உரோமில் கி.மு. 28இல் கட்டத் தொடங்கிய கல்லறை ஏறத்தாழ 87 மீட்டர் விட்டமுடையது. ஆப்பியன் பெருவழியிலுள்ள செசிலியா மெட்டல்லாவின் கல்லறை, கயேட்டாக் கல்லறையைப் போன்றே ஏறத்தாழ 100 உரோமானிய அடி விட்டமுடையது. பிளாங்கஸ் தேர்ந்தெடுத்த வடிவம் ஆட்சித்தலைவரின் வடிவத்தை ஒத்தது. அளவோ அவருடையதற்கு மூன்றில் ஒரு பங்கு. அக்காலத்தில் ஓர் உயர்குடியினர் எவ்வளவு உயரலாம், எந்த அளவோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதைக் கட்டடத்தின் அளவே குறிப்பாக உணர்த்துகிறது.

அமைவிடமும் கருதத்தக்கது. உரோமானியர் பெரும்பாலும் நகருக்கு வெளியே பெருவழிகளின் ஓரத்தில் கல்லறைகளை எழுப்பினர். வழிச்செல்வோர் நின்று வாசிக்க வேண்டும் என்பதே நோக்கம். பிளாங்கஸின் கல்லறை பெருவழியோரத்தில் இல்லை. கடலில் செல்லும் கலங்களிலிருந்தும், வளைகுடாவின் மறுகரையிலுள்ள ஃபோர்மியாவிலிருந்தும் காணுமாறு குன்றின் உச்சியில் அது நிற்கிறது. ஃபோர்மியாப் பகுதி உரோமானியச் செல்வர்களின் கடற்கரை மாளிகைகள் நிறைந்திருந்த இடம். எனவே கட்டடத்தைத் தொலைவிலிருந்து பலர் காண்பர். ஏறி வந்து கல்வெட்டை வாசிப்போர் சிலரே. காட்சி பலருக்கு, சொல் சிலருக்கு என்னும் பகுப்பு இங்கு அமைந்துள்ளது.

கல்வெட்டின் உள்ளடக்கம்

கல்வெட்டு உரைநடையில் அமைந்தது. அதன் செய்திகளை வரிசைப்படி பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பெயரும் மரபும்: லூசியஸின் மகன், லூசியஸின் பெயரன், லூசியஸின் கொள்ளுப்பெயரனாகிய லூசியஸ் முனாட்டியஸ் பிளாங்கஸ்.
2. பதவிகள்: கான்சல், சென்சார், இருமுறை இம்பெரேட்டர் எனப் படையினரால் வாழ்த்தப்பெற்றவர், தெய்வ விருந்துகளை நடத்தும் எழுவர் குருமார் குழுவின் உறுப்பினர்.
3. வெற்றி: ரேட்டியர்மீது கொண்ட வெற்றிக்காக ஊர்வலம் நடத்தியவர்.
4. திருப்பணி: போரில் கிடைத்த செல்வத்தைக்கொண்டு சனிக்கடவுளின் கோயிலைக் கட்டியவர்.
5. நிலப்பகிர்வு: இத்தாலியில் பெனவென்டத்தில் நிலங்களைப் பகிர்ந்தளித்தவர்.
6. குடியேற்றம்: கால் நாட்டில் லுக்தூனம், ரௌரிக்கா என்னும் இரு குடியேற்ற நகரங்களை நிறுவியவர்.

பெயர் எழுவாய் வேற்றுமையில் உள்ளது. இன்னாருக்கு இன்னார் எடுப்பித்தது என்னும் அமைப்பு இல்லை. வினைகள் அனைத்துக்கும் பிளாங்கஸே எழுவாய். இறந்தவரைப் பற்றிப் பிறர் கூறும் குரலாகவன்றி, செயல்களைத் தாமே எண்ணிச் சொல்லும் குரலாக இது ஒலிக்கிறது. சென்சார் பதவியை அவர் கி.மு. 22இல் வகித்தமையால், கல்வெட்டு அவ்வாண்டுக்குப் பிற்பட்டது என்பது உறுதி.

இப்பட்டியலில் மூன்று தலைமுறை முன்னோர் பெயரும் குறிக்கப்படுவது கவனத்துக்குரியது. தந்தையின் பெயரைக் குறிப்பது பொதுவழக்கு. கொள்ளுப்பாட்டன்வரை செல்வது சிறப்பு. அம்முன்னோருள் எவருக்கும் கல்வெட்டு பதவி எதனையும் கூறவில்லை. திபூர் நகரோடு தொடர்புடைய முனாட்டியஸ் குடும்பத்தில் கான்சல் நிலையை முதன்முதலில் எட்டியவர் பிளாங்கஸே. பதவியால் பெருமை இல்லாத இடத்தில் மரபின் நீளத்தால் பெருமை நிறுவப்படுகிறது எனலாம்.

இலக்கியச் சான்றுகள் காட்டும் பிளாங்கஸ்

இலக்கியச் சான்றுகள்வழி அறியப்படும் வாழ்க்கை வேறொரு வண்ணம் கொண்டது. ஜூலியஸ் சீசரின் கீழ்க் கால் நாட்டுப் போரில் படைத்துணைவராகப் பணியாற்றிய பிளாங்கஸ், கி.மு. 44இல் சீசர் கொலையுண்டபின் கால் நாட்டின் பெரும்பகுதிக்கு ஆளுநராக இருந்தார். அப்போது செனட் அவையின் பக்கம் நிற்பதாகச் சிசரோவுக்கு மடல்கள் எழுதினார். சிசரோவின் நண்பர் மடல்கள் என்னும் தொகுப்பின் பத்தாம் நூலில் இவ்விருவரின் மடல்கள் காணப்படுகின்றன. குடியரசைக் காப்பதாக உறுதிகூறும் அம்மடல்கள் எழுதப்பட்ட கி.மு. 43ஆம் ஆண்டிலேயே, அவர் மார்க் ஆன்டனியுடனும் லெப்பிடஸுடனும் சேர்ந்துகொண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் ஆன்டனி, லெப்பிடஸ், ஆக்டேவியன் ஆகிய மூவர் ஆட்சி கொலைப்பட்டியலை வெளியிட்டது. அதில் சிசரோவின் பெயரும், லெப்பிடஸின் உடன்பிறந்தார் பெயரும், பிளாங்கஸின் உடன்பிறந்தார் பெயரும் இடம்பெற்றன. சிசரோ டிசம்பர் 7ஆம் நாள் ஃபோர்மியாவுக்கு அருகில் கொல்லப்பட்டார். பிளாங்கஸின் உடன்பிறந்தார் சலேர்னத்தில் மறைந்திருந்தபோது, அவர் பூசியிருந்த நறுமணத்தைலமே அவரைக் காட்டிக்கொடுத்தது எனப் பிளினி எழுதுகிறார். சிசரோ இறந்த 22 நாட்களுக்குப் பின், டிசம்பர் 29ஆம் நாள், பிளாங்கஸ் உரோமில் வெற்றி ஊர்வலம் நடத்தினார். மடல்களில் அவர் நண்பரென விளித்தவர் கொல்லப்பட்ட கரையை எதிர்நோக்கியே பின்னாளில் அவருடைய கல்லறையும் அமைந்தது.

கி.மு. 42இல் லெப்பிடஸுடன் கான்சலாக இருந்த பிளாங்கஸ், பெருசியாப் போரில் ஆன்டனியின் தரப்பினருக்காகப் படை நடத்தினார். அப்போர் தோல்வியில் முடியவே கிழக்கே ஆன்டனியிடம் சென்றார். ஆசியா, சிரியா மாகாணங்களில் ஆன்டனியின் சார்பில் ஆட்சிப்பொறுப்பு வகித்தார். எகிப்தில் கிளியோபாட்ராவின் விருந்தொன்றில் உடலில் நீலநிறம் பூசி, நாணல் முடி சூடி, மீன்வாலை இழுத்துக்கொண்டு, கிளாகஸ் என்னும் கடல்தெய்வமாக முழங்காலிட்டு ஆடினார் என வெல்லெயஸ் கூறுகிறார். கிளியோபாட்ரா முத்தைக் கரைத்துப் பருகிய புகழ்பெற்ற பந்தயத்தில் நடுவராக இருந்தவரும் பிளாங்கஸே எனப் பிளினி குறிப்பிடுகிறார்.

கி.மு. 32இல் பிளாங்கஸும் அவருடைய உடன்பிறந்தாள் மகன் மார்க்கஸ் டைடியஸும் ஆன்டனியை விட்டு ஆக்டேவியனிடம் சேர்ந்தனர். வெஸ்டா தெய்வத்தின் கன்னிப் பூசாரிகளிடம் ஆன்டனி ஒப்படைத்திருந்த இறுதிமுறியைப் பற்றி அவர்களே ஆக்டேவியனுக்குத் தெரிவித்தனர் என்பது புளூட்டார்க் தரும் செய்தி. அம்முறி பொதுவில் படிக்கப்பட்டமை ஆன்டனிக்கு எதிரான கருத்தை உரோமில் வளர்த்தது. செனட்டில் பிளாங்கஸ் ஆன்டனியின் குற்றங்களை அடுக்கியபோது, அவரை நீங்கள் விட்டுவரும் நாளுக்கு முந்தைய நாள்வரை ஆன்டனி எத்தனை குற்றங்களைச் செய்திருக்கிறார் என்னும் பொருள்பட உறுப்பினர் ஒருவர் எள்ளினார் என்று வெல்லெயஸ் பதிவுசெய்கிறார்.

கி.மு. 27இல் ஆக்டேவியனுக்கு அகஸ்டஸ் என்னும் பெயரை வழங்க வேண்டும் என்று செனட்டில் முன்மொழிந்தவர் பிளாங்கஸ். கி.மு. 22இல் அவரும் லெப்பிடஸ் குடும்பத்தைச் சேர்ந்த பவுலஸும் சென்சார்களாயினர். மக்கட்கணக்கெடுப்பும் ஒழுக்க மேற்பார்வையும் உடைய அப்பதவியைத் தனிக்குடிமக்கள் இருவர் இணைந்து வகித்தது அதுவே இறுதிமுறை என்று டியோ எழுதுகிறார். அவர்கள் பணி தொடங்க ஏறிய மேடை முதல்நாளே சரிந்தது என்பதும் அவர் தரும் செய்தியே.

மூன்றாம் சான்று: வெற்றி ஊர்வலப் பட்டியல்

கல்வெட்டு ஒரு பக்கமும் இலக்கியம் மறுபக்கமும் நிற்க, இரண்டையும் அளந்துபார்க்க மூன்றாவது சான்று ஒன்று உதவுகிறது. உரோமின் வெற்றி ஊர்வலங்களைத் தொடக்கம் முதல் கி.மு. 19வரை பட்டியலிடும் கற்பொறிப்பு அகஸ்டஸ் காலத்தில் அமைக்கப்பட்டது. அதன் எஞ்சிய பகுதிகள் இன்று உரோமிலுள்ள காபிடோலைன் அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.மு. 43ஆம் ஆண்டுக்குரிய பதிவில், பிளாங்கஸ் கால் நாட்டிலிருந்து வெற்றி ஊர்வலம் நடத்தினார் என்று காணப்படுகிறது. கயேட்டாக் கல்வெட்டோ ரேட்டியரிடமிருந்து என்கிறது.

இவ்வேறுபாட்டைப் பிழையெனத் தள்ள இயலாது. இரண்டும் சில ஆண்டுகள் இடைவெளியிலேயே பொறிக்கப்பட்டவையாகக் கருதத்தக்கவை. இரண்டும் குறிப்பது ஒரே ஊர்வலத்தை. அரசுப் பட்டியல் மாகாணத்தின் பெயரைக் கூறுகிறது. கல்லறை பகைவரின் பெயரைக் கூறுகிறது. ரேட்டியர் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வாழ்ந்த மக்கள். அவர்கள் உரோமானியர் அல்லர் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் கி.மு. 43இல் கால் நாடு என்றவுடன் உரோமானியரின் நினைவுக்கு வருவது உரோமானியப் படைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்ற களமும், பிளாங்கஸ் பக்கம் மாறிய நிகழ்ச்சியுமேயாகும்.

இதனோடு ஒரு படைவீரர் பாடலையும் இணைத்து நோக்கலாம். வெற்றி ஊர்வலத்தில் படைவீரர்கள் தம் தலைவரை எள்ளிப் பாடுவது உரோமானிய மரபு. டிசம்பர் 29இல் பிளாங்கஸும் 31இல் லெப்பிடஸும் ஊர்வலம் நடத்தியபோது, வீரர்கள் இலத்தீனில் உடன்பிறந்தாரையும் ஜெர்மானியரையும் ஒருசேரக் குறிக்கும் ஒரு சொல்லை வைத்துச் சிலேடையாகப் பாடினர் என வெல்லெயஸ் கூறுகிறார். இவ்விருவரும் வென்றது கால் நாட்டாரை அன்று, தம் உடன்பிறந்தாரையே என்பது அச்சிலேடையின் பொருள். இருவரும் தத்தம் உடன்பிறந்தாரைக் கொலைப்பட்டியலுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் என்பதே அதன் குத்தல்.

அந்தச் சிலேடையின் ஒரு முனை கால் நாடு என்னும் பெயரில் கட்டப்பட்டிருந்தது. கல்லறையில் அப்பெயருக்கு மாற்றாக ரேட்டியர் என்று எழுதப்பட்டதும் அம்முனை அற்றுவிடுகிறது. பிளாங்கஸ் இதனை எண்ணியே மாற்றினார் என நிறுவ நேரடிச் சான்று இல்லை. ஆயினும் மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதும், அது அவருக்குச் சாதகமான திசையில் நிகழ்ந்துள்ளது என்பதும் இரு கல்வெட்டுகளால் உறுதிப்படுகின்றன.

மௌனங்களின் வகைகள்

மேற்கண்ட ஒப்பீட்டால், கல்வெட்டு கூறாதவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதல்வகை, எழுத்துமரபால் நேர்ந்த மௌனம். அகஸ்டஸ் என்னும் பெயரை முன்மொழிந்தமை பிளாங்கஸின் செயல்களுள் உலகவரலாற்றில் நிலைத்தது. ஆட்சித்தலைவரின் நன்மதிப்பைப் பெற்றுத்தரும் செய்தியும் அதுவே. எனினும் கல்வெட்டில் அது இல்லை. பதவிகளும் போர்வெற்றிகளும் கட்டடங்களுமே இவ்வகைக் கல்வெட்டின் பொருள். செனட்டில் ஒருவர் முன்வைத்த கருத்து அதில் இடம்பெறுவதில்லை. தமக்கு நன்மை தரும் செய்தியையும் மரபு கருதி விட்டுவிடும் கல்வெட்டில், இல்லாத செய்தி ஒவ்வொன்றையும் மறைப்பெனக் கொள்வது பொருந்தாது.

இரண்டாம்வகை, காரணம் உறுதிப்படாத மௌனம். ஆசியாவிலும் சிரியாவிலும் வகித்த ஆட்சிப்பொறுப்புகள் கல்வெட்டில் இல்லை. இவை ஆன்டனியின் கீழ்ப் பெற்றவை என்பதால் மறைக்கப்பட்டன எனக் கருத இடமுண்டு. ஆனால் கால் நாட்டின் ஆளுநர் பதவியும் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. மாகாண ஆட்சியை முறையாக அடுக்கிக் கூறும் வழக்கு பிற்காலப் பேரரசுக் கல்வெட்டுகளிலேயே பெருகிக் காணப்படுகிறது. எனவே இம்மௌனத்தை ஒரு கருத்துக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

மூன்றாம்வகை, சொல்லுக்குள் ஒளிந்த மௌனம். ரேட்டியர் என்னும் சொற்றேர்வு இவ்வகையைச் சாரும். பெனவென்டத்தில் நிலம் பகிர்ந்தளித்தார் என்னும் தொடரும் இவ்வகையினது. போர்முடித்த வீரர்களுக்கு நிலம் வழங்குவதற்காக இத்தாலியின் நகரங்கள் சில குறித்துவைக்கப்பட்டன. பெனவென்டம் அவற்றுள் ஒன்று என அப்பியன் கூறுகிறார். அந்நிலங்கள் தரிசுகள் அல்ல. உழுது வாழ்ந்த உரிமையாளர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. கல்வெட்டு பகிர்ந்தளித்தலைக் கூறுகிறது, பறித்தலைக் கூறவில்லை. நிலம் பெற்றவரின் பார்வையில் அத்தொடர் முழு உண்மை. இழந்தவரின் பார்வையில் பாதி உண்மை. இங்கு மறைவது ஒருவரின் தனிப்பட்ட இழுக்கு அன்று, ஓர் ஊர் மக்களின் இழப்பு. மூன்று வகைகளுள் ஆய்வாளரின் மிகுந்த கவனத்தை வேண்டுவது இதுவே.

இலக்கியச் சான்றின் சார்பு

கல்வெட்டின் சார்பைச் சுட்டும்போது இலக்கியத்தின் சார்பையும் மறத்தலாகாது. பிளாங்கஸைக் கடுமையாகப் பழிக்கும் வெல்லெயஸ் கி.பி. 30ஆம் ஆண்டளவில், டைபீரியஸ் ஆட்சியில் எழுதியவர். டைபீரியஸின் வளர்ப்பு மகன் ஜெர்மானிகஸின் இறப்பையொட்டிக் குற்றம்சாட்டப்பட்ட பிளான்சினா, பிளாங்கஸின் வழித்தோன்றலாகக் கருதப்படுபவர். அக்குடும்பத்தைப் பழித்தல் அக்காலத்தில் இடையூறு தராத செயல்.

மேலும், பிளாங்கஸின் காலத்தவரான அசினியஸ் போலியோ அவருக்கு எதிராக உரைகளை எழுதி, அவர் மறுமொழி கூற இயலாதவாறு அவர் இறந்தபின் வெளியிடக் கருதியிருந்தார் எனப் பிளினி தம் இயற்கை வரலாற்றின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அதனைக் கேள்வியுற்ற பிளாங்கஸ், இறந்தவரோடு மல்லுக்கு நிற்பவை பேய்களே என்று விடை கூறினாராம். தம் இறப்புக்குப்பின் தம்மைப் பற்றி என்ன சொல்லப்படும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார் என்பதற்கு இக்குறிப்பு சான்று. அவ்வகையில் கயேட்டாக் கல்வெட்டு, எழுதப்படவிருந்த வசைகளுக்கு முன்கூட்டியே பொறிக்கப்பட்ட மறுமொழியாகவும் அமைகிறது. குற்றச்சாட்டுகளை அது மறுக்கவில்லை. அவற்றுக்கு இடமில்லாத ஒரு பட்டியலைத் தருகிறது.

இலக்கியம் முழுவதும் பகையானதும் அன்று. ஹொரேஸின் ஓடுகள் முதல் நூலின் ஏழாம் பாடல் பிளாங்கஸை விளித்து அமைந்தது. உடன்பிறந்தானின்றித் திரும்பியதால் தந்தையால் நாடுகடத்தப்பட்ட டியூசரின் கதையோடு அப்பாடல் முடிகிறது. உடன்பிறந்தாரை இழந்த ஒருவரை நோக்கி அக்கதை கூறப்படுவது ஆறுதலா, நினைவூட்டலா என்பது ஆய்வாளர் பலரை ஈர்த்த வினா.

பிற்கால நினைவு

கல்வெட்டின் ஆறு செய்திகளுள் நீண்டகாலப் பயன் தந்தது இறுதிச் செய்தியே. லுக்தூனம் இன்றைய லியோன் நகரம். ரௌரிக்கா சுவிட்சர்லாந்தில் பாசெலுக்கு அருகிலுள்ள ஆக்ஸ்ட் என்னும் ஊரோடு இணைக்கப்படுகிறது. ரௌரிக்காவைப் பிளாங்கஸ் நிறுவினார் என்பதற்குக் கயேட்டாக் கல்வெட்டே அடிப்படைச் சான்று. ஆக்ஸ்ட் அகழாய்வுகளில் கி.மு. 40களைச் சேர்ந்த குடியேற்றத்துக்கு உறுதியான தொல்பொருட்சான்று கிடைக்காமையால், முதற்குடியேற்றம் போர்களால் தடைப்பட்டதா அல்லது வேறிடத்தில் அமைந்ததா என்னும் விவாதம் தொடர்கிறது. கல்வெட்டின் சொல்லையும் மண்ணடிச் சான்றையும் இணைத்தே இவ்வினாவும் ஆராயப்படுகிறது.

பாசெல் நகரமன்ற முற்றத்தில் 1580இல் பிளாங்கஸுக்குச் சிலை எழுப்பப்பட்டது. அங்கு அவர் கட்சி மாறியவர் அல்லர், நகர்த்தந்தை. கயேட்டாவிலோ இடைக்கால மக்கள் கல்லறைக்குரியவரை மறந்து, ஐரோப்பியக் கதைகளின் வீரனாகிய ஒர்லாண்டோவின் கோபுரம் என்று அதனை அழைத்தனர். குன்றின் பெயரும் அவ்வாறே அமைந்தது. பெயரை நிலைநிறுத்தக் கட்டிய கட்டடம் அது நிற்கும் ஊரிலேயே வேறொருவர் பெயரைத் தாங்க, அதன்மேல் பொறித்த சொற்கள் அவருடைய பெயரை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் வாழச் செய்தன.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. கயேட்டாக் கல்வெட்டில் சரிபார்க்கத்தக்க செய்திகள் பொய்யல்ல. பதவிகள், ஊர்வலம், லுக்தூனக் குடியேற்றம் ஆகியவை பிற சான்றுகளாலும் உறுதிப்படுகின்றன. அதன் சார்பு செய்தியில் அன்றி, தேர்விலும் சொல்லாட்சியிலும் உள்ளது.

2. கல்வெட்டின் மௌனத்தை மறைப்பெனக் கொள்ளுமுன், அவ்வகைக் கல்வெட்டின் எழுத்துமரபு அச்செய்தியை ஏற்குமா என்று நோக்குதல் வேண்டும்.

3. ஒரு செய்தி விடுபட்டிருப்பதைக் காட்டிலும் மாற்றிச் சொல்லப்பட்டிருப்பதே வலிய சான்று. கால் நாடு என்பதற்குப் பதிலாக ரேட்டியர் என வருவது இதற்கு எடுத்துக்காட்டு.

4. படைத்தலைவரைப் போற்றும் கல்வெட்டில் அவருடைய வினைக்கு ஆளான மக்களுக்கு இடமில்லை. பெனவென்டத்தில் நிலம் இழந்தோரை அப்பியன் போன்ற பிற சான்றுகளின் துணையாலேயே காண இயலும்.

5. பழிக்கும் நூலும் போற்றும் கல்லும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. இரண்டும் தத்தம் நோக்கத்துக்கேற்பத் தேர்ந்தெடுத்தவை. அவ்விரு நோக்கங்களையும் வெளிப்படுத்திய பின்னரே பிளாங்கஸைப் பற்றி முடிவுகூற இயலும். பல தலைவர்களின் கீழ்ப் பணியாற்றி, கொலைப்பட்டியல்களின் காலத்தைக் கடந்து, உயர்பதவியோடு முதுமை எய்திய அவருடைய வாழ்வைத் துரோகம் என்னும் ஒரு சொல்லாலும் விளக்க முடியாது. வாயில்மேல் பொறித்த பட்டியலாலும் விளக்க முடியாது.